நெறிமுறையில் மட்டும் பெயில்

வெர்னா ஸ்லோன் வழியில் கிடந்த சில்லறையைக்கூடத் தேவாலய உண்டியலில் போடுகிறவள் என்பதை ஆல்டர் ஓடைக்காரர்கள் எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். ஓடையோரத்து எங்கள் ஊரில் எல்லோரும் ஒத்துக்கொள்கிற விஷயங்கள் குறைவு. மூடிய நிலக்கரிச் சுரங்கம் மறுபடியும் திறக்காது என்பது இன்னொன்று. ஆனால் அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அப்படிப்பட்ட வெர்னா, கென்டக்கி மாநில அரசு நடத்தும் இன்சூரன்ஸ் ஏஜென்ட் லைசென்ஸ் தேர்வில் இரண்டாவது தடவையாகத் தோற்றுவிட்டு, பிப்ரவரி மழையில் லெக்சிங்டனிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். தோற்றவர்களுக்கு எந்தப் பகுதியில் எவ்வளவு என்று பிரித்துப் போட்ட தாள் ஒன்று தருவார்கள். தேறியவர்களுக்கு அது கிடையாது. ‘தேர்ச்சி’ என்ற ஒரே சொல்தான். தோல்விக்குத்தான் விவரம் வேண்டும் போலிருக்கிறது.

அவள் புருஷன் ஹோபர்ட் அந்தத் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு படித்தான்.

“பாலிசி வகை, நஷ்ட ஈடு, ஒப்பந்தம்... எல்லாத்துலயும் பாஸ் பண்ணிருக்கே. நெறிமுறையில மட்டும் பெயில்.”

“தெரியும். கார்ல வர்றப்ப பூரா அதைத்தான் பாத்துட்டு வந்தேன்.”

“ரோட்டைப் பாத்து ஓட்டிருக்கலாம்.”

“வந்து சேந்துட்டேன்ல?”

“இந்த ஓடையில நெறிமுறைன்னா என்னன்னு தெரிஞ்ச ஒரே ஆளு நீ. நீயே பெயில்னா,” என்று சொல்லி மூச்சு வாங்க நிறுத்தினான், “அப்ப அது வேற என்னமோ சாமானா இருக்கணும்.”

ஹோபர்ட்டின் வேடிக்கைப் பேச்செல்லாம் இப்படி நடுவில் நின்று நின்றுதான் வரும். சிரிக்க நினைப்பவர்கள் காத்திருக்க வேண்டும். அவன் மூக்கில் ஒரு குழாய். அதன் மறுமுனை முன்னறையில் இரைந்துகொண்டிருக்கும் ஆக்சிஜன் இயந்திரத்தில். வீட்டுக்குள் அவன் எங்கெல்லாம் போகலாம் என்பதைக் குழாயின் நீளம்தான் தீர்மானித்தது. படுக்கை, கழிப்பறை, சாப்பாட்டு மேஜை. வாசல் கதவைத் திறந்து தலையை மட்டும் வெளியே நீட்டலாம். சுரங்கத்தில் அவன் வேலை, பாறைக் கூரை இடிந்து விழாமல் அதில் இரும்பு ஆணி இறக்குவது. அவன் ஆணி இறக்கிய கூரை எதுவும் இன்றுவரை விழுந்ததில்லை. நுரையீரல்தான் விழுந்துவிட்டது. நிலக்கரித் தூசி என்று ஹோபர்ட்டின் டாக்டர் சொன்னார், சிகரெட் என்று கம்பெனி டாக்டர் சொன்னார். ஹோபர்ட் வாழ்நாளில் சிகரெட்டைத் தொட்டதில்லை, புகையிலை மென்றவன். வழக்கு நடக்கிறது. ஹோபர்ட்டைவிட அது ஆரோக்கியமாக இருக்கிறது.

அதனால் வீட்டில் வருகிற ஒரே சம்பளம் வெர்னாவுடையது. அதற்குத்தான் இப்போது லைசென்ஸ் வேண்டியிருந்தது.

எஸ்டில் கோம்ப்ஸ் உயிரோடு இருந்தவரை வேண்டியிருக்கவில்லை. எஸ்டில் எங்கள் பள்ளத்தாக்கின் ஒரே இன்சூரன்ஸ் ஏஜென்ட். போன அக்டோபரில் பள்ளிக்கூடக் கால்பந்து ஆட்டத்தின்போது, நம் பையன்கள் கையிலிருந்த பந்தை எதிராளியிடம் கொடுத்துவிட்டு நின்ற சமயத்தில், பலகை இருக்கையிலிருந்து சரிந்து செத்துப்போனார். அவருடைய அலுவலகத்தில் வெர்னா ரொம்ப வருஷமாகப் போன் எடுப்பாள், பிரீமியம் வாங்குவாள், ரசீது கொடுப்பாள். வருகிறவர்களுக்குக் காப்பி கொடுத்து அவர்களுடைய மூட்டுவலி பற்றிக் கேட்பதும் அவள்தான்.

எஸ்டில் ஆட்களைச் சுமப்பார். அது எங்கள் ஊர்ப் பேச்சு. ‘இந்த மாசம் மிஸ்டர் எஸ்டில் என்னைச் சுமக்கறார்’ என்று ஒருவர் சொன்னால், கையில் பணமில்லை, எஸ்டிலே தன் பையிலிருந்து பிரீமியத்தைக் கட்டிப் பாலிசி காலாவதியாகாமல் பார்த்துக்கொண்டார் என்று அர்த்தம். சம்பளம் வந்ததும் கொண்டுவந்து கொடுப்பார்கள். சிலர் பணத்துக்குப் பதில் மான் தொடை கொண்டுவருவார்கள். சிலர் தக்காளி. சிலர் வருத்தம் மட்டும். பர்ல் டேக்கட்டின் வீட்டுக் கூரையைக் காற்று தூக்கிக்கொண்டு போன மறுநாள் காலையில்தான் பர்ல் பிரீமியம் கட்ட வந்தார். எஸ்டில் ஒரு வார்த்தை பேசாமல் முந்தின நாள் தேதி போட்டு ரசீது எழுதிக்கொடுத்தார். ஓடை முழுக்கத் தெரிந்த ரகசியம். எஸ்டிலின் இறுதிச் சடங்கில் போதகர் இதைச் சொல்லித்தான் கண்ணீர் விட்டார். மாநில இன்சூரன்ஸ் இலாகாவிலிருந்து யாரும் சடங்குக்கு வராதது நல்லதாகப் போயிற்று.

ஏனென்றால் இலாகாவின் கணக்கில் எஸ்டில் செய்தது முழுக்கக் குற்றம். வாடிக்கையாளருக்காக ஏஜென்ட் பணம் கட்டுவது ஒரு குற்றம், தேதியை மாற்றுவது பெரிய குற்றம். இந்த நுணுக்கங்களெல்லாம் தேர்வில் கேள்வியாக வந்தன. வெர்னா கேள்வியைப் படிப்பாள். நாலு விடைகளையும் படிப்பாள். பிறகு, மிஸ்டர் எஸ்டில் என்ன செய்வார் என்று ஒரு நிமிஷம் யோசித்து, அதற்கு நேராக இருக்கும் விடையை அமுக்குவாள். அவ்வளவு நல்ல மனிதரைப் பின்பற்றி யாரும் அவ்வளவு சுத்தமாகப் பெயிலானதில்லை.

லூயிவில்லில் இருக்கும் கம்பெனி ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டது. அங்கிருந்து போனில் பேசிய பையன் ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு ‘மேடம்’ வைத்தான். மார்ச் முடிவதற்குள் லைசென்ஸ் வாங்கினால் அலுவலகம் வெர்னாவுக்கு, மேடம். இல்லாவிட்டால் அலுவலகத்தைப் பூட்டிவிட்டு, வாடிக்கையாளர்களையெல்லாம் நெடுஞ்சாலைப் பக்கத்துப் பெரிய அலுவலகத்துக்கு மாற்றிவிடுவோம், மேடம். அதுவரை காகிதத்தில் அந்த அலுவலகத்துக்காரர் ஒருவர் பொறுப்பு. வெர்னா பணம் வாங்கி ரசீது கொடுக்கலாம்.

ஆக, மூன்றாவது தடவைதான் கடைசி.

படிப்பு நடந்தது சாப்பாட்டு மேஜையில். கேள்வி ஒரு பக்கம், விடை மறுபக்கம் அச்சடித்த அட்டைகளை ஹோபர்ட் கையில் வைத்துக்கொள்வான். விடை சரியென்றால் கரண்டியால் மேஜையில் ஒரு தட்டு. தப்பென்றால் இரண்டு. ‘சரி’ என்று சொல்வதற்கு ஆகும் மூச்சை மிச்சப்படுத்தலாமே என்று அவன் கண்டுபிடித்த வழி.

மேஜையின் மறுமுனையில் ஹோபர்ட்டின் அக்கா ஆர்லெட்டா உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருப்பாள். ஆர்லெட்டா ஓடையின் வளைவில், இழுத்துவந்து நிறுத்திய தகர டிரெய்லர் வீட்டில் தனியாக இருந்தாள். முதியோர் இல்லத்தில் சலவை வேலை. புருஷன் போன பிறகு தனியாகச் சமைக்கப் பிடிக்காமல் சாயங்காலச் சாப்பாட்டுக்கு இங்கே வந்துவிடுவாள். அவளை யாரும் படிக்கச் சொல்லவில்லை. ஆனாலும் ஒவ்வொரு கேள்விக்கும் முதலில் பதில் சொல்வது அவள்தான்.

“ஒரு ஏஜென்ட்டு,” ஹோபர்ட் படித்தான், “பாலிசி எடுக்க வெக்கறதுக்காக, தன் கமிஷன்ல பாதியைத் திருப்பித் தர்றேன்னு ஒருத்தருக்குச் சொல்றார். இது, அ, நல்ல வாடிக்கையாளர் சேவை. ஆ, சட்டவிரோதம். இ, கம்பெனி சம்மதிச்சா செய்யலாம். ஈ, கிறிஸ்துமஸுக்கு மட்டும் செய்யலாம்.”

“ஈ-ன்னு அப்படி ஒண்ணு இருக்காது. நீயா சேத்துக்கிட்டே.”

“தூங்கறியான்னு பாத்தேன்.”

“அ,” என்றாள் ஆர்லெட்டா, உருளைக்கிழங்கைப் பார்த்தபடி.

ஹோபர்ட் இரண்டு தட்டினான்.

“எதுக்குடா ரெண்டு? தன் காசைத்தானே குடுக்கறான்? பக்கத்து வீட்டுக்காரன் காசையா எடுத்துக் குடுக்கறான்?”

“அக்கா, பரீட்சை உனக்கில்ல.”

“எனக்கு வெச்சிருந்தா நான் எழுதிருப்பேன். ஓரத்துல எழுதிருப்பேன், இந்தக் கேள்வியைக் கேட்டவன் அம்மா இவனைப் பட்டினி போட்டுத்தான் வளத்திருக்கணும்னு.”

“கம்ப்யூட்டர்ல ஓரமே கிடையாது, ஆர்லெட்டா,” என்றாள் வெர்னா.

“அதான் உலகம் இப்படிப் போச்சு.”

வெர்னா சிரித்தாள். சிரித்துக்கொண்டே கொஞ்ச நேரம் அட்டையைப் பார்த்துவிட்டு, “அ-ன்னுதான் என் விரலும் போவுது,” என்றாள். “ஆ-ன்னு தெரியும். தெரிஞ்சும் விரல் அங்கதான் போவுது.”

அதற்குப் பிறகு ஹோபர்ட் ஒன்றும் கேட்கவில்லை. ஆர்லெட்டா சாப்பிட்டு முடித்து, தன் வீட்டுக்குக் கிளம்பிப் போகும்வரை காத்திருந்தான். அவளுடைய காரின் சத்தம் வளைவுக்கு அப்பால் போனதும் அட்டைகளைக் கவிழ்த்து வைத்தான்.

“சுரங்கத்துக்குப் புதுசா ஒரு பையன் வருவான்னு வெச்சுக்க,” என்றான். “ஆணி இறக்கின கூரைக்குக் கீழதான் நிக்கணும்னு பாடம் நடத்துவாங்க. பாடத்துல எல்லாரும் பாஸ். உள்ள போனப்புறம், அவசரத்துல ஒரு தடவை ரெண்டு எட்டு முன்னால போய் நிப்பான். ஒண்ணும் ஆகாது. மறுநாளும் அங்கதான் நிப்பான். காலுக்கு அது பழகிடும். அப்புறம் பாடம் தலையில இருக்கும். கால் வேற எடத்துல இருக்கும்.”

“சரி.”

“நீ சாயங்காலம் ஒரு மணி நேரம் அரசாங்கமா இருக்கே. பகல் பூரா எஸ்டிலா இருக்கே. விரல் எங்க போவும்?”

வெர்னா தன் விரலைப் பார்த்தாள்.

“பரீட்சை வரைக்கும் நீ எஸ்டிலா இருக்காதே. ஆபீஸ்லயும் அரசாங்கமா இரு. அட்டையில என்ன இருக்கோ அதை மட்டும் செய். யாரையும் சுமக்காதே.”

“யாரையுமா?”

“யாரையும்னா யாரையும்தான். அப்பத்தான் பழகும்.”

மறுநாளிலிருந்து வெர்னா அரசாங்கமாக இருந்தாள். கஷ்டமாக இருந்தது, ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. எல்லாக் கெட்ட வேலையும் போலவே முதல் நாள்தான். பர்ல் டேக்கட் வந்து, லாரி இன்சூரன்ஸை ஒரு வாரம் போட்டு வைக்கும்படி கேட்டபோது, “கெடு முடியுதுங்க பர்ல், இன்னைக்கே கட்டிடுங்க, இல்லேன்னா கம்பெனிக்கு நீங்களே போன் பண்ணிக் கேட்டுப் பாருங்க,” என்றாள். பர்ல் அவளை உற்றுப் பார்த்தார்.

“உனக்கு ஒடம்பு சரியில்லையா, வெர்னா?”

“நல்லாத்தான் இருக்கேன்.”

“ஹோபர்ட்டுக்கு?”

“அவரும் எப்பவும்போலதான்.”

“பின்னே என்னத்துக்கு இப்படிப் பேசறே?” என்று கேட்டுவிட்டு, காப்பியைக் குடிக்காமலே போனார். போகிறவர் எதிர்க்கடையில் நின்று, லைசென்ஸ் வருவதற்கு முந்தியே வெர்னாவுக்கு லைசென்ஸ்காரர்களின் மூஞ்சி வந்துவிட்டது என்று சொன்னார். அது உண்மைதான். அந்த வாரம் சாப்பாட்டு மேஜையில் இரட்டைத் தட்டு குறைந்துகொண்டே வந்தது. டொக், டொக், டொக் என்று ஒற்றைத் தட்டாகவே விழுந்தது. ஹோபர்ட் கரண்டியை ஓங்கிப் பிடித்தபடி அவளைப் பெருமையாகப் பார்த்தான். ஆர்லெட்டா மட்டும், “நீ கெட்டுப்போய்ட்டடி,” என்றாள்.

மழை நின்று குளிர் இறங்கியது. ஓடை மேலே வெள்ளையாக உறைந்தது. டிரெய்லர்களுக்கு அடியில் ஓடும் தண்ணீர்க் குழாய்கள் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டன. பள்ளிக்கூடம் மூடியது. எல்லா டிரெய்லர்களுக்கு அடியிலும் ஒரு ஜோடிக் கால் நீட்டிக்கொண்டிருந்தது. யாராவது ஒருவர் உள்ளே படுத்துக் குழாயைச் சூடுபடுத்திக்கொண்டிருப்பார்.

தேர்வுக்கு முந்தின நாள், திங்கட்கிழமை, ஆர்லெட்டா வேலைக்குப் போகிற வழியில் அலுவலகத்துக்கு வந்தாள். துணியால் கட்டிய ஒரு பாத்திரத்தை வெர்னாவின் மேஜையில் வைத்தாள். வெளுக்கும் மருந்தில் ஊறி ஊறி அவள் விரல் நுனிகள் எப்போதும்போல வெடித்திருந்தன.

“பின்டோ பீன்ஸ். நாளைக்குச் சூடு பண்ணித் தின்னுட்டுப் போ. வெறும் வயித்தோட பரீட்சை எழுதாதே.”

“தண்ணி வந்துதா உனக்கு?”

“எங்க வருது? பக்கத்து வீட்டுல பிடிச்சுட்டு வந்து சமைச்சேன். கோழிக்குஞ்சுக்குப் போடற சூட்டு விளக்கு ஒண்ணு கிடந்துச்சு. குழாய்ப் பக்கமா அதை உள்ள தள்ளி வெச்சிருக்கேன். நாளைக்குள்ள இளகிடும்.” கையுறையை மாட்டிக்கொண்டே கதவுப் பக்கம் போனாள். “அப்புறம் கண்ணு, எனக்கு வெள்ளிக்கிழமைதான் சம்பளம். வழக்கம்போல என் வீட்டுப் பிரீமியத்தை என் பேருக்குப் போட்டு வெச்சுடு.”

பாலிசி முடியப்போகிறது என்று கம்பெனி அனுப்பும் எச்சரிக்கைக் கடிதம் அவளுக்கும் வந்திருக்கும். எஸ்டில் காலத்திலிருந்தே ஓடைக்காரர்கள் அந்தக் கடிதத்தை அடுப்பு மூட்டத்தான் வைத்துக்கொள்வார்கள்.

வெர்னாவின் வாயில் பதில் தயாராக இருந்தது. ஒரு வாரமாகப் பழகிய பதில். பர்லுக்குச் சொன்னாள், இன்னும் நாலைந்து பேருக்குச் சொன்னாள். இப்போது வாயைத் திறந்தாள்.

“பன்னி எலும்பு போட்டிருக்கியா இதுல?” என்று கேட்டாள்.

“போடாம? யாருன்னு நெனச்சே என்னை?” என்று சொல்லிவிட்டு ஆர்லெட்டா போய்விட்டாள்.

அன்று கதவைப் பூட்டும் நேரம்வரை கம்ப்யூட்டரில் ஆர்லெட்டாவின் பெயர் சிவப்பு எழுத்தில் இருந்தது. இன்று நள்ளிரவோடு காலாவதி. வெர்னா நினைத்திருந்தால் அரை நிமிஷ வேலை. கைப்பையைக்கூடத் திறந்தாள் என்று பிறகு அவளே சொன்னாள். நாளைக்கு இதே கேள்வி வரும், இன்றைக்கு விரல் அங்கே போனால் நாளைக்கும் அங்கேதான் போகும் என்று நினைத்தாள். ஆர்லெட்டாவிடம் சாயங்காலம் நேரில் சொல்லிவிடலாம், கம்பெனிக்கு வெள்ளிக்கிழமை பணம் கட்டி மறுபடியும் புதுப்பித்துக்கொள்ளலாம், இடையில் நாலு நாள்தானே. கைப்பையை மூடினாள். கம்ப்யூட்டரை அணைத்தாள்.

சாயங்காலம் ஆர்லெட்டா வரவில்லை. சலவை இயந்திரம் ஒன்று பழுதாகி, இரண்டு ஆள் வேலையை ஒருத்தியாகப் பார்க்க வேண்டியிருந்ததாம். வெர்னா போனில் சொல்லியிருக்கலாம் என்றால் சொல்லியிருக்கலாம்தான்.

லெக்சிங்டனில் தேர்வு அறைக்குள் போகுமுன் சட்டைப்பைகளை வெளியே இழுத்துக் காட்ட வேண்டும். கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தால் அதையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். போன், கைக்கடிகாரம், கைக்குட்டை எல்லாம் பூட்டுப் பெட்டிக்குள் போக வேண்டும். வெர்னா அதையெல்லாம் மூன்றாவது முறையாகச் செய்ததால் வாசலில் இருந்த பெண்மணி அவளைச் சொந்தக்காரியைப் போல வரவேற்றாள்.

கேள்வி வந்தது. அதேதான். ஏஜென்ட்டின் உறவினர் ஒருவர் பிரீமியத்தைக் குறித்த நாளில் கட்ட முடியவில்லை. ஏஜென்ட் தானே கட்டிவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளலாமா? வெர்னாவின் விரல் யோசிக்கவே இல்லை. சரியான இடத்துக்குப் போயிற்று. பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்த இளைஞன் இரண்டு காதிலும் பஞ்சு அடைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தான். வெர்னாவுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பாவம், அவனுக்கும் ஏதோ ஒரு எஸ்டில் இருந்திருப்பார்.

வாசல் பெண்மணி அச்சிட்ட தாளைக் கவிழ்த்துக் கொடுத்தாள். திருப்பினால் ஒரே ஒரு சொல்தான் இருந்தது.

பூட்டுப் பெட்டியைத் திறந்தபோது போன் துடித்துக்கொண்டிருந்தது. ஹோபர்ட் பேசிப் பதிவு செய்திருந்தான். பாதிக்குமேல் இயந்திரத்தின் இரைச்சல்.

“வெர்னா. காலையில ஆர்லெட்டா வீடு எரிஞ்சு போச்சு... அவ வேலையில இருந்தா, அவளுக்கு ஒண்ணும் இல்ல... சூட்டு விளக்குதான்னு சொல்றாங்க... நீ நிதானமா ஓட்டிட்டு வா.” நீண்ட இடைவெளி. “பாஸா?”

தன்னார்வத் தீயணைப்புக்காரர்கள் வந்தது வந்தார்கள். ஓடைதான் உறைந்து கிடந்தது. கோடாலியால் பனியைப் பிளந்து குழாயை உள்ளே விடுவதற்குள் அணைப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. டிரெய்லர் தகரமும் எலும்புமாக நின்றது. பின்கட்டில் இருந்த பெரிய குளிர்ப்பெட்டியில் குளிர்காலம் முழுமைக்குமான மான்கறி இருந்தது. அது நன்றாக வெந்திருந்தது. யாரும் சாப்பிடவில்லை.

வெர்னா வந்தபோது ஆர்லெட்டா சாப்பாட்டு மேஜையில் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். மேலே வெர்னாவின் பச்சை ஸ்வெட்டர். முதியோர் இல்லத்துச் சீருடையைத் தவிர அவளிடம் இப்போது வேறு துணி இல்லை. ஹோபர்ட் ரேடியோவை அணைத்தான்.

“பாஸா?” என்று கேட்டாள் ஆர்லெட்டா.

வெர்னா தலையாட்டினாள்.

“கொண்டா பாப்பம்.” தாளை வாங்கிப் பார்த்தாள். “ஒரே ஒரு வார்த்தை எழுதறதுக்கா இவ்வளவு பாடு?” தாளை மடிக்காமல் பத்திரமாக மேஜை நடுவில் வைத்தாள். “சரி, உக்காரு. பர்ல்கூட வந்து நின்னு அழுதாரு. நான் சொன்னேன், எதுக்கு அழறீங்க, தம்பி பொண்டாட்டி இன்சூரன்ஸ் ஆபீஸ்ல இருக்கறப்ப எரியறதுதான் நல்ல நேரம்னேன். இந்தத் தடவை குளியலறை பெரிசா இருக்கற டிரெய்லரா வாங்கணும். பழையதுல திரும்பினா முழங்கை இடிக்கும்.”

“ஆர்லெட்டா...”

“முதல்ல யாருக்குப் போன் பண்ணணும்? உனக்கா, லூயிவில்லுக்கா?”

“ஆர்லெட்டா, நான் போடல.”

“எதைப் போடல?”

“உன் பிரீமியத்தை. நேத்து நான் போடல. நேத்தோட முடிஞ்சுபோச்சு.”

ஆர்லெட்டா ஹோபர்ட்டைப் பார்த்தாள். பிறகு வெர்னாவை.

“மறந்துட்டியா?”

மறந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பரீட்சை நேரம், தலை நிறைய வேலை. ஓடை முழுக்க மன்னித்திருக்கும். வெர்னா வழியில் கிடந்த சில்லறையைக்கூட உண்டியலில் போடுகிறவள்.

“மறக்கல. தெரிஞ்சுதான் போடல.”

“நான்தான் சொன்னேன்,” ஹோபர்ட் அவசரமாகப் பேசியதால் இருமல் வந்தது. “யாரையும் சுமக்காதேன்னு... நான்தான்... பழகறதுக்காக...”

“உன்னை யாரும் கேக்கலடா.” ஆர்லெட்டா குரலை உயர்த்தவில்லை. “முடியாதுன்னு சொல்றதுக்கு உனக்கு வாயில்லையா, வெர்னா? பன்னி எலும்பு இருக்கான்னு கேக்க வாய் இருந்துச்சே?”

“சாயங்காலம் சொல்லலாம்னு இருந்தேன்.”

“சொல்லிருந்தா மேற்பார்வைக்காரிகிட்ட முன்பணம் கேட்டிருப்பேன். கெஞ்சிருப்பேன். அந்த விளக்கையாவது கழட்டி எறிஞ்சிருப்பேன்.” வெடித்த விரல்களால் மேஜை விளிம்பைத் தடவினாள். “சரி விடு. போனது போச்சு. இப்ப எழுது. நேத்துத் தேதி போட்டு எழுது. பர்லுக்கு மிஸ்டர் எஸ்டில் எழுதலையா? அவருக்கு மோட்சம் கிடைச்சுதுன்னு போதகரே சொன்னாருல்ல?”

முன்னறையில் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

“மூணு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தனுக்குப் பேசவே மூச்சு கிடையாது.”

யாரும் சிரிக்கவில்லை. ஆர்லெட்டாவும் அதற்காகச் சொல்லவில்லை.

“சரி. ஹோபர்ட், நீ கேளு. நீ கேட்டாத்தானே அவளுக்குப் பதில் வரும்.”

ஹோபர்ட் தலையைக் குனிந்துகொண்டான்.

“அப்ப நானே கேக்கறேன்.” அட்டைக் கட்டிலிருந்து ஏதோ ஒரு அட்டையை எடுத்து, அதைப் பார்க்காமல் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். ஹோபர்ட் படிக்கிற அதே ராகம். “ஒரு பொம்பளை. கிழவங்க நனைச்ச படுக்கை விரிப்பைத் துவைக்கறவ. அவ வீடு எரிஞ்சுபோச்சு. அவ பேருக்குப் பணம் கட்டிருக்கும்னு நம்பிக்கிட்டிருந்தா. ஏஜென்ட்டு அவ தம்பி பொண்டாட்டி. அந்த ஏஜென்ட்டு என்ன செய்யணும்? அ, நேத்துத் தேதி போட்டு ரசீது எழுதணும். ஆ, இன்னைக்குத் தேதியைச் சொல்லி, கம்பெனிகிட்ட உள்ளதை உள்ளபடி ஒப்பிச்சுடணும்.” நிறுத்தினாள். “நாலு இருக்கணுமே. இ என்ன, ஹோபர்ட்?”

“இ-யும் ஈ-யும்,” என்றான் ஹோபர்ட் தலை நிமிராமல், “சும்மா ஆளைக் குழப்ப வெக்கறது.”

“அப்ப ரெண்டுதான்.”

வெர்னா மேஜை நடுவில் கிடந்த தாளைப் பார்த்தாள். மார்ச் முடிவைப் பார்த்தாள். முன்னறைவரை போகும் குழாயைப் பார்த்தாள். எதைப் பார்த்தாள் என்று யாருக்குத் தெரியும். ஒரு வாரம் பழகிய விரல் மடியில் கிடந்தது.

“ஆ,” என்றாள்.

ஆர்லெட்டா தம்பியின் பக்கம் திரும்பினாள். அவன் கையில் கரண்டி இருந்தது. பாதித் தூரம் தூக்கினான். பிறகு அதைத் தட்டில் இருந்த பீன்ஸுக்குள் விட்டு, சாப்பிடாமல், கிளறிக்கொண்டே இருந்தான்.

லைசென்ஸ் அந்த வாரத்துக்குள்ளேயே வந்துவிட்டது. இந்த மாதிரி விஷயங்களில் கென்டக்கி அரசு தாமதம் செய்வதில்லை. எஸ்டிலின் லைசென்ஸ் மாட்டியிருந்த ஆணியிலேயே வெர்னா தன்னுடையதை மாட்டினாள். லூயிவில் பையன் கூப்பிட்டு, வாழ்த்துகள் மேடம் என்றான். ஆர்லெட்டா பற்றி வெர்னா தானே முந்திக்கொண்டு சொன்னதைக் கேட்டு, இப்படிப்பட்ட நேர்மையான ஏஜென்ட்தான் எங்களுக்கு வேண்டும், மேடம் என்றும் சொன்னான். பாலிசி காலாவதி என்பதில் மட்டும் அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஆர்லெட்டா முன்னறையில், ஆக்சிஜன் இயந்திரத்தின் பக்கத்தில், சோபாவில் படுத்துக்கொண்டாள். அந்த இரைச்சலில் நல்ல தூக்கம் வருகிறது என்று ஹோபர்ட்டிடம் சொன்னாள். வெர்னாவிடம் உப்பைக் கேட்டாள், கதவைச் சாத்தச் சொன்னாள். வேறு பேசவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், சம்பளம் வாங்கிக்கொண்டு ஆர்லெட்டா அலுவலகத்துக்கு வந்தாள். எத்தனையோ வருஷமாக வெள்ளிக்கிழமைகளில் வந்ததைப் போலவே, காலணிப் பனியை வாசலில் தட்டிவிட்டு உள்ளே வந்து, மடித்த நோட்டுகளை வெர்னாவுக்கு முன்னால் வைத்தாள்.

“என் பிரீமியம்.”

வெர்னா அந்தப் பணத்தைத் தொடவில்லை.

“இதை நான் வாங்கக் கூடாது, ஆர்லெட்டா. உன் பேருல பாலிசியே இல்ல. வாங்கினா அது...”

“அது?”

“தப்பு.”

ஆர்லெட்டா நோட்டுகளை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். முஷ்டியை மடக்கி, மேஜையில் ஒரே ஒரு தடவை தட்டிவிட்டு வெளியே போனாள்.